மழைக்குப் பிறகு அடர்ந்த முடி

அந்த எடை இயந்திரத் தொழிற்கூடத்தில் உட்கார்ந்து பார்க்கக்கூடிய வேலைகள் மொத்தம் நான்கு. மேனேஜர் வேலை, பில் போடும் வேலை, ஸ்டோர்ஸ் வேலை, சோதனை அறை மேற்பார்வை வேலை. மற்றதெல்லாம் நின்று பார்ப்பது, குனிந்து பார்ப்பது, தூக்கிப் பார்ப்பது. டிஸ்பாட்ச் அண்ணன் பதினோரு வருடமாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இயந்திரங்களையும் அவற்றுடன் போகும் இருபது கிலோ இரும்பு எடைக்கற்களையும் லாரியில் ஏற்றுவது அவர் வேலை.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு எடைக்கல் அவரைத் தூக்கிவிட்டது. முதுகெலும்பில் நாலாவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் நடுவே இருக்கவேண்டிய ஒன்று அங்கே இல்லை என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். “இனிமே பத்து கிலோவுக்கு மேல தூக்காதீங்க” என்றார். அண்ணன் அதை மனைவியிடம் சொன்னார். ஆபீசில் மூச்சுவிடவில்லை. தூக்குகிறவனுக்கு முதுகு போய்விட்டது என்று தெரிந்தால் ஆபீஸ் அனுதாபப்படும். அனுதாபப்பட்டு, மாலை போட்டு, வீட்டுக்கு அனுப்பிவிடும்.

இந்த நேரத்தில்தான் சோதனை அறை மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றுப் போனார். அவர் விட்டுப்போனது ஒரு நாற்காலி. முதுகுக்கு அணைவாக வளைந்து, கீழே சக்கரம் வைத்து, கைக்கு இரண்டு பக்கமும் மெத்தை வைத்தது. அண்ணன் அதை வாசலிலிருந்து பார்ப்பார். அந்த அறையில் மின்விசிறி கிடையாது. காற்று பட்டால் சின்ன எடைகள் ஆடும் என்பதால் ஜன்னலைக்கூடத் திறக்க மாட்டார்கள். உள்ளே போனவன் பத்து நிமிடத்தில் சட்டை பிழிவான். அதெல்லாம் அண்ணன் கண்ணுக்குத் தெரியவில்லை. நாற்காலிதான் தெரிந்தது.

பதவியைக் கேட்டு எழுதிக் கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அண்ணன். இன்னொருவர் ஸ்டோர்ஸ் அக்கா. அக்கா ஒரு திருகாணியைக் கையில் வாங்கினால் அது எந்தப் பெட்டியிலிருந்து வந்தது, யார் எடுத்தது, ஏன் திருப்பி வைக்கவில்லை என்பது வரை சொல்லுவார். அவரோடு போட்டி போடுவதற்கு முதுகு மட்டும் போதாது என்று அண்ணனுக்கே தெரியும்.

முடிவு மேனேஜர் கையில். மேனேஜருக்கு வாழ்க்கையில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று டென்னிஸ். இன்னொன்றைப் பற்றி யாரும் அவரிடம் பேசுவதில்லை. அது முப்பத்தைந்து வயதிலேயே அவர் தலையை விட்டுப் போய்விட்டது.

போன வாரக் கூட்டத்தில் அவர் சொன்னார்: “டெஸ்டிங் ரூமுக்கு டென்னிஸ் பாக்கற கண்ணு வேணும். பந்து கோட்டுல பட்டுச்சா, கோட்டைத் தாண்டிப் பட்டுச்சான்னு ஒரு நொடியில சொல்லணும். ஞாயித்துக்கிழமை ஃபைனல் இருக்கு. திங்கக்கிழமை முடிவு சொல்றேன்.”

இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதா, அடுத்தடுத்து வந்த இரண்டு தகவல்களா என்பது யாருக்கும் புரியவில்லை. அண்ணன் மட்டும் சம்பந்தம் இருக்கிறது என்று முடிவு செய்து, எழுந்து நின்று, “நான் சின்ன வயசுலேர்ந்தே டென்னிஸ் பாக்கறேன் சார்” என்றார்.

அவர் சின்ன வயதிலிருந்து பார்த்தது பக்கத்து மைதானத்தின் வேலியை.

ஞாயிறு மாலை, கல்லூரியில் படிக்கும் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் உட்காரவில்லை. தரையில் மல்லாந்து படுத்து, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டார். டாக்டர் சொன்ன நிலை அது. தொலைக்காட்சியின் மேல் வலது மூலையில், வாங்கிய அன்றிலிருந்து ஒட்டியிருந்த கம்பெனி ஸ்டிக்கர் ஒன்று உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. அதைப் பிய்த்தால் கேரண்டி போய்விடும் என்பது அண்ணன் மனைவியின் கட்சி. கேரண்டி போன வருடமே முடிந்துவிட்டது என்பது மகளின் கட்சி. ஸ்டிக்கர் யார் கட்சியிலும் சேராமல் அப்படியே இருந்தது.

“வெள்ளைச் சட்டை போட்டவன்தான் உங்க மேனேஜரோட ஆளு” என்றாள் மகள்.

“ரெண்டு பேருமே வெள்ளைதானே போட்டிருக்கானுங்க?”

“அங்க எல்லாருமே வெள்ளைதான்ப்பா போடணும். வலதுகையில மட்டை வச்சிருக்கறவன் உங்காளு. இன்னொருத்தன் லெஃப்டு.”

“சரி. எண்ணிக்கை எப்படி?”

“முதல் பாயிண்ட் பதினஞ்சு. அடுத்தது முப்பது. அடுத்தது நாப்பது.”

அண்ணன் தலையை மட்டும் தூக்கினார். “நாப்பத்தஞ்சு.”

“நாப்பதுப்பா.”

“பதினஞ்சு, முப்பது, அப்புறம் நாப்பத்தஞ்சுதானே வரும்? அஞ்சு குறையுதே! இதை யாரும் கேக்கலையா?”

“யாரும் கேக்கல. ஒண்ணுமே எடுக்கலன்னா அதுக்குப் பேரு லவ். லவ்வுன்னா சைபர்.”

“அது எனக்குக் கல்யாணமான அன்னிக்கே தெரியும்” என்றது சமையலறை.

ஆளுக்கு ஒரு செட் ஆயிற்று. மூன்றாவது செட் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. ஆட்கள் ஓடிவந்து புல்தரையைப் பாயால் மூடினார்கள். மகள், “இனிமே எப்ப ஆரம்பிக்குமோ தெரியாது, எனக்குப் பரீட்சை இருக்கு” என்று அறைக்குள் போய்க் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டாள். அண்ணன் இந்த இடைவெளியில் டாக்டர் சொன்ன உடற்பயிற்சியை முடித்துவிடலாம் என்று கண்ணை மூடி, இடுப்பைத் தூக்கி, முப்பது எண்ணினார். பழக்க தோஷத்தில் முப்பதுக்கு அப்புறம் நாற்பது என்று எண்ணியதும் தனக்குத் தேர்ச்சி வந்துவிட்டதாக ஒரு பெருமிதம் வந்தது. அந்தப் பெருமிதத்திலேயே தூங்கியும் போனார்.

கண்ணைத் திறந்தபோது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. வெயில் அடித்தது. அதே இரண்டு பேர், அதே வெள்ளை. அங்கும் ஆளுக்கு ஒரு செட். மழை நேரத்தை ஓட்டுவதற்காக, மூன்று வருடத்துக்கு முன் இதே இருவரும் மோதிய ஃபைனலை மூன்றாவது செட்டிலிருந்து போட்டிருந்தார்கள். ‘பழைய ஆட்டம்’ என்று மேல் வலது மூலையில் எழுதியும் இருந்தார்கள். ஸ்டிக்கருக்கு அடியில்.

அண்ணன் கவனித்தது ஒன்றே ஒன்று. மழைக்கு முன்னால் மேனேஜரின் ஆளுக்கு உச்சந்தலையில் சதை தெரிந்தது. மழைக்குப் பின்னால் தெரியவில்லை. கருகருவென்று இருந்தது. “இவனுக்கு முடி ஜாஸ்தியாயிடுச்சே” என்றார் மனைவியிடம்.

“ரூமுக்குள்ள போயி எண்ணெய் வச்சு வாரிட்டு வந்திருப்பான். மழைதானே, சும்மாதானே உக்காந்திருந்தான்” என்றாள் மனைவி. பொருத்தமாகத்தான் இருந்தது.

வலதுகைக்காரன் மூன்றாவது செட்டை எடுத்தான், நான்காவதையும் எடுத்தான், கோப்பையையும் எடுத்தான். அண்ணன் ஒரு டெலிவரி ரசீதின் பின்பக்கத்தில் முக்கியமான அடிகளைக் குறித்துக்கொண்டார். தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் தூங்கினார். உண்மையான ஆட்டம் அதற்குப் பிறகுதான் மறுபடி தொடங்கியது.

மறுநாள் மகள் எழுவதற்குள் அவர் கிளம்பிவிட்டார். வழியில் தொங்கிய செய்தித்தாளின் முதல் பக்கத்தில் வலதுகைக்காரன் கோப்பையைத் தூக்கிக்கொண்டிருந்தான். தொப்பி போட்டிருந்தான். அண்ணன் திருப்தியாகப் பார்த்துவிட்டு நடந்தார். பார்த்த ஆட்டத்தைப் படித்து வேறு பார்க்கவேண்டுமா என்ன.

பத்தரை மணித் தேநீருக்குப் பொட்டலம் கட்டும் மேஜையைச் சுற்றி எல்லோரும் கூடினார்கள். சோதனை முடிந்த இயந்திரங்களுக்கு ஈய முத்திரை குத்துபவர் முதலில் வந்தார். அவரை எல்லோரும் முத்திரை என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் லெஃப்டின் தீவிர ரசிகர். முகம் வீங்கியிருந்தது. ஸ்டோர்ஸ் அக்கா ஒரு தட்டில் வாஷர்களைக் கொட்டி, அளவு வாரியாகப் பிரித்தபடியே தேநீர் குடித்தார். மேனேஜர் கைகளை விரித்துக்கொண்டு வந்தார்.

“என்ன ஆட்டம்! என்ன ஆட்டம்யா! ஜெயிச்சான் பாத்தீங்களா நம்மாளு!”

“ஜெயிச்சான் சார்” என்றார் முத்திரை. “ஆனா அதை ஜெயிச்சதா எடுத்துக்க முடியாது.”

“ஏன் எடுத்துக்க முடியாது?”

“லெஃப்டு உக்காந்துட்டானே சார்.”

“உக்காரத்தான் செய்வான். நம்மாளு அடிச்ச அடிக்கு உக்காராம, நின்னு பாட்டா பாடுவான்?”

“அதுக்கில்ல சார், தொடை. தொடையிலதான் சார் பிரச்னை.”

“அதைத்தான் நானும் சொல்றேன். தொடைநடுங்கி.”

முத்திரை தேநீரைக் கீழே வைத்தார். “சார், அவனால நடக்கவே முடியல.”

“நம்மாளு எதிர்ல நின்னா எவனால நடக்க முடியும்?”

“கையைக் குடுத்துட்டுப் போயிட்டான் சார், பாவம்.”

“தோத்தவன் கையைக் குடுத்துட்டுத்தானே போகணும்? கப்பையா குடுத்துட்டுப் போவான்? அது அவன்கிட்ட இல்லையே!”

இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று இரண்டு பேருமே நம்பினார்கள். முத்திரைக்குக் கண் கலங்கியது. மேனேஜர் அதைத் தோற்றவர்களுக்கு வரும் இயற்கையான நீர் என்று எடுத்துக்கொண்டு, வெற்றியின் தத்துவத்தை விளக்கத் தொடங்கினார். “வெற்றின்னா என்ன? கடைசி அடி. அந்தக் கடைசி அடி யார் கையிலேர்ந்து வருதோ, அவன்தான் ஜெயிச்சவன். எதிராளி சும்மா விட்டுக் குடுத்து வர்றது வெற்றியே கிடையாது. அது தானம்.”

“அப்படிச் சொல்லுங்க சார்! அதைத்தானே நானும் காலையிலேர்ந்து சொல்றேன்!” என்று முத்திரை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மேனேஜர் குழம்பிப்போய்க் கையை விடுவித்துக்கொண்டார். ஒப்புக்கொள்ளும் எதிரியை அவர் இதுவரை பார்த்ததில்லை.

“இவர் புரியாம பேசறாரு. நீங்க சொல்லுங்க” என்று டிஸ்பாட்ச் அண்ணன் பக்கம் திரும்பினார். “சின்ன வயசுலேர்ந்து பாக்கறவரு நீங்க. கடைசி அடி எப்படி?”

அண்ணன் ஒரு அடி முன்னால் வந்தார். பையிலிருந்த ரசீதைத் தொட்டுக்கொண்டார். வெளியே பதினோரு மணி லாரி வந்து நின்றது. இன்றைக்கு நாற்பது எடைக்கற்கள். இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால், அவற்றை ஏற்றுவது அவர் வாழ்க்கையில் கடைசித் தடவையாக இருக்கலாம்.

“லெஃப்டு பந்தைத் தலைக்கு மேல தூக்கி அடிச்சான் சார். நம்மாளு திரும்பி ஓடினான். முகம் அந்தப் பக்கம், முதுகு இந்தப் பக்கம். அப்படியே ரெண்டு காலுக்கும் நடுவுல பின்னால அடிச்சான் பாருங்க! பந்து கோட்டுல பட்டு வெள்ளைப் பொடி பறந்துச்சு.”

“பறந்துச்சா! பொடி பறந்துச்சா!” மேனேஜர் மேஜையைத் தட்டினார். வாஷர்கள் குதித்தன. “கேட்டுக்கங்க. இதுதான் பாக்கற கண்ணு!”

“காலுக்கு நடுவுலயா?” என்றார் முத்திரை. “கடைசி பாயிண்ட்டே கிடையாதேண்ணே! அஞ்சாவது செட்ல லெஃப்டுக்குத் தொடை பிடிச்சு, விலகிட்டான். அடிக்கவே இல்லையே யாரும்!”

“அஞ்சாவது செட்டா? நாலு செட்லயே முடிஞ்சிடுச்சே” என்றார் மேனேஜர்.

ஸ்டோர்ஸ் அக்கா, குதித்து ஓடிய வாஷர் ஒன்றைத் தேடி எடுத்து அதற்குரிய குவியலில் வைத்தார். “நீங்க சொல்றது மூணு வருஷத்துக்கு முந்தின ஃபைனல் சார். மழை வந்தப்ப போட்டாங்க. மூலையில பழைய ஆட்டம்னு எழுதியிருந்துச்சே.”

மேனேஜர் அக்கா பக்கம் திரும்பினார்.

“என்னம்மா சொல்றீங்க?”

“நிஜ ஆட்டம் அதுக்கப்புறம் நடந்துச்சு சார். இருங்க, ஃபோன்ல காட்டறேன்.” வேலை நடக்கும் இடத்தில் ஃபோன் கூடாது என்பது மேனேஜர் போட்ட விதி. அக்கா லாக்கரை நோக்கி நடந்தார். போய்வர மூன்று நிமிடம் ஆகும்.

“எழுத்தாம் எழுத்து” என்று மேனேஜர் முணுமுணுத்தார். “மழை வந்தப்ப லேசா கண்ணசந்தேன். முழிச்சா ஆட்டம் ஓடிட்டிருக்கு. எந்த எழுத்தையும் நான் பாக்கல. நாமதான் முழுசா பாத்தோம், இல்லையா? நீங்க சொல்லுங்க.”

“சொல்லுங்க” என்றால் என்ன அர்த்தம் என்று அண்ணனுக்குத் தெரியும். ஆமாம் என்று ஒரு வார்த்தை. அக்கா ஃபோனோடு வந்தாலும், இரண்டு பேர் ஒரு பக்கம், ஃபோன் ஒரு பக்கம். அதில் ஒருவர் மேனேஜர். இதற்கு முன் இந்த ஆபீசில் ஃபோன்கள் தோற்றிருக்கின்றன.

ஆனால் அவருக்கு ஒரு நோய் இருந்தது. முதுகைச் சொல்லவில்லை. எடைக்கல்லைக் கையில் தூக்கியதும் சில கிராம் குறைவாக இருந்தால்கூடத் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் வாய் சும்மா இருக்காது. அப்படி எத்தனையோ கற்களைத் திருப்பி அனுப்பி, தானே மறுபடி இறக்கித் தூக்கியிருக்கிறார். நேற்று மாலையிலிருந்து ஒரு கல் கணக்கில் உதைத்துக்கொண்டே இருந்தது.

“சார், அக்கா சொல்றது சரியாத்தான் இருக்கும்” என்றார். “மழைக்கு அப்புறம் நம்மாளுக்கு முடி ஜாஸ்தியா இருந்துச்சு. மழைக்கு முன்னாடி உச்சியில காலி. அப்புறம் பாத்தா அடர்த்தி. ரெண்டு மணி நேரத்துல அப்படி முளைக்காது சார். நான்தான் எண்ணெய் வச்சு வாரிட்டு வந்தான்னு நெனச்சுட்டேன். எனக்கு டென்னிஸ் தெரியாது சார்.”

முத்திரை வாயைத் திறந்து, மூட மறந்தார்.

மேனேஜரின் கை அவருக்கே தெரியாமல் மேலே போய், வழியில் நினைவு வந்து, காதைச் சொறிந்துவிட்டு இறங்கியது. “என் ரூமுக்கு வாங்க” என்றார்.

நாற்காலி போனது என்று அண்ணன் முடிவு கட்டினார். நாற்பது கல், தலைக்கு இருபது கிலோ. பெருக்கிப் பார்க்காமல் பின்னால் நடந்தார்.

மேனேஜர் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளும் போட்டார். குரலைத் தாழ்த்தி, “நீங்களும் பாத்தீங்களா?” என்றார்.

“எதை சார்?”

“முடியை.”

“பாத்தேன் சார்.”

“எவ்ளோ வித்தியாசம் இருக்கும்னு நெனக்கறீங்க?”

அண்ணன் தன் தொழில் நேர்மையோடு யோசித்தார். “மூணுல ஒரு பங்கு கூட சார்.”

மேனேஜர் நாற்காலியில் சரிந்தார். “நான் மழைத் தண்ணின்னு நெனச்சேங்க. அந்த ஊரு மழையில ஏதோ இருக்கு போலன்னு. இல்லாட்டி நனைஞ்சு காஞ்சா அப்படித் தெரியும் போலன்னு. இன்னிக்கிக் காலையில கண்ணாடி முன்னாடி நின்னு, ஒரு சொம்புத் தண்ணியைத் தலையில ஊத்தி, காயவச்சுப் பாத்தேன்.”

“என்ன ஆச்சு சார்?”

“சளி பிடிச்சுது.”

பிறகு மேனேஜர் இழுப்பறையைத் திறந்து ஒரு உறையை எடுத்து நீட்டினார். உள்ளே சோதனை அறை மேற்பார்வையாளராக நியமிக்கும் கடிதம். திங்கட்கிழமை முதல் என்று இருந்தது. அண்ணன் இரண்டு தடவை படித்தார். கீழே டைப் அடித்திருந்த தேதியை மூன்றாவது தடவையாகப் படித்தார்.

“சார், இது சனிக்கிழமை தேதி போட்டிருக்கு.”

“சனிக்கிழமைதான் அடிச்சேன். ஸ்டோர்ஸ்ல அந்தம்மா வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. வேற யாரும் கேக்கல. நீங்க ஒருத்தர்தான்.”

“அப்ப டென்னிஸ் பாக்கற கண்ணு…”

“அது சும்மா, எல்லாரும் மேட்ச் பாக்கட்டுமேன்னு சொன்னது. தனியா பாத்துட்டு வந்து திங்கக்கிழமை யார்கிட்டங்க பேசறது?” மேனேஜர் தும்மினார். “இந்த முடி விஷயம் இந்த ரூமோட இருக்கட்டும்.”

வெளியே ஸ்டோர்ஸ் அக்கா ஃபோனை உயர்த்திப் பிடித்தபடி நின்றிருந்தார். காட்டுவதற்கு ஆள் இல்லாததால், ஏற்கெனவே எல்லாம் தெரிந்த முத்திரைக்கே காட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் கையிலிருந்த கடிதத்தைப் படித்ததும் முத்திரையின் முகத்தில் ஒரு புதிய உற்சாகம் பரவியது.

“அக்கா, உங்களை விட்டுட்டு இவருக்கா?”

“நான்தான் சனிக்கிழமையே விலகிட்டேனே” என்றார் அக்கா. “சம்பளம் கூடன்னு கேட்டேன். அப்புறம் அந்த ரூம்ல அரை மணி நேரம் உக்காந்து பாத்தேன். ஃபேன் இல்ல, ஜன்னல் இல்ல, உடம்பு பூரா வேர்க்குரு. வேணாம்ப்பா சாமி. அண்ணே, வாழ்த்துகள்.”

“அப்ப எதிர்ல ஆளே இல்ல” என்றார் முத்திரை, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. “மன்னிச்சுக்கங்கண்ணே, இதை ஜெயிச்சதா எடுத்துக்க முடியாது.”

டிஸ்பாட்ச் அண்ணன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். டென்னிஸ் பற்றி அவருக்கு இப்போதுதான் முதல் தடவையாகச் சொந்தமாக ஒரு கருத்து வந்திருந்தது. அது பலமாகவும் வந்திருந்தது.

“ஏன் எடுத்துக்க முடியாது? எதிராளி விலகினா அது அவன் பாடு. கடைசி வரைக்கும் விலகாம நின்னான்ல ஒருத்தன்? வலிக்கு வலி இவனுக்கும்தான் இருந்திருக்கும், வெளிய சொன்னானா? நிக்கறது ஆட்டம் இல்லையா? அடிச்சாத்தான் ஆட்டமா? கப்புல பேரை மட்டும்தான் எழுதுவாங்க தம்பி. அடுத்தவன் தொடையைப் பத்தி எழுத மாட்டாங்க.”

“அப்ப மேனேஜர் சொன்ன கடைசி அடி?”

“அவருக்கு என்ன தெரியும்? அவரு பாத்தது பழைய ஆட்டம்.”

வாசலில் லாரிக்காரர் மூன்றாவது தடவையாக ஹாரன் அடித்தார். “டிஸ்பாட்ச்! நாப்பது கல்லு! ஏத்தறதுக்கு ஆள் வருதா இல்லையா?”

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் முத்திரைக்குக் கைகொடுத்தார், அக்காவுக்குக் கைகொடுத்தார், சோதனை அறைக் கதவை நோக்கி மெதுவாக நடந்தார்.

“நான் விலகிட்டேன்” என்றார்.